ஒரு நாள் மூடியிருக்கும் பூ

கம்பி எண்ணுகிறவர்களை எண்ணுவது என் வேலை. பெண்கள் சிறையில் வார்டராக இருபத்திரண்டு வருடம் ஆகிறது. காலையில் திறப்பேன், எண்ணுவேன். மாலையில் எண்ணுவேன், பூட்டுவேன். நடுவில் யாருக்கு வயிற்றுவலி, யார் யாரோடு பேசுவதில்லை, யாருடைய மனு எந்த மேஜையில் தூங்குகிறது என்பதெல்லாம் பார்க்க வேண்டும். கோபம் எனக்கு மூக்கின் மேல் இருக்கும். உள்ளே இருக்கிறவர்கள் எனக்கு 'மிளகாய்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தால் கொடிகள். சமையலறைக்குப் பின்னால் நாலடி அகலத்தில் ஒரு கீற்று மண், அதற்கப்பால் மதில். நாலடியில் மரம் வைக்க முடியாது. இடம் மேலேதான் இருந்தது, அதனால் ஏறுகிற செடிகளாக வாங்கினேன். மதிலில் ஆணி அடித்துக் கம்பி இழுத்துக் கட்டியதும் நான்தான். மல்லிகையும் முல்லையும் வேண்டாம், அவை எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. எனக்கு விசித்திரமானதுதான் வேண்டும். இலையின் நுனியையே விரலாக நீட்டிக் கம்பியைப் பிடிக்கும் காந்தள் இருக்கிறது. பூவுக்குள் கடிகாரம் மாதிரி வட்டமும் முள்ளும் வைத்திருக்கும் ஒரு கொடி இருக்கிறது. அதன் பற்றுக்கம்பி எதையாவது பிடித்துக்கொண்ட பிறகு பாதி தூரம் வலப்பக்கமாகவும் மீதி தூரம் இடப்பக்கமாகவும் சுருண்டுகொள்ளும். இரண்டு முனையும் கட்டிய கயிற்றை ஒரே பக்கமாகச் சுருட்ட முடியாது என்று அதற்கு யார் சொன்னார்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய டெலிபோன் வயரை இரண்டு நாற்காலிக்கு நடுவே கட்டிவைத்து முறுக்கிப் பார்த்தேன். செடி சொன்னதுதான் சரி. அன்று மத்தியானம் நான் சாப்பிட மறந்துபோனேன்.

அக்கா என்னோடு வந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. வந்த நாள் முதல் அவள் எதையும் மூடுவதில்லை. அலமாரிகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். சர்க்கரை டப்பாவுக்கு மூடி கிடையாது, அதனால் எறும்புகளுக்கு எங்கள் வீட்டில் நிரந்தர வரவேற்பு. குளிக்கப் போனால் கதவுக்கு நடுவே வாளியை வைத்துவிட்டு, நான் அந்தப் பக்கம் வந்துவிடாமல் இருக்கப் பாடிக்கொண்டே குளிப்பாள். அவளுக்கு மூன்று பாட்டுத்தான் தெரியும். வாசல் கதவுக்கு மட்டும் ஒரு செங்கல் வைத்து ஒருக்களித்துச் சாத்த எனக்கு அனுமதி உண்டு. ஊரில் இருக்கிற பெண்களையெல்லாம் பூட்டிவிட்டு வருகிறவள் வீட்டில் ஒரு தாழ்ப்பாள்கூட வேலை செய்யவில்லை.

காரணம் இருக்கிறது. அக்கா புருஷன் வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போவார். திருட்டுப் பயம் என்பார். சாயங்காலம் வந்து திறக்கத்தானே போகிறேன் என்பார். ஒன்பது வருடம். போன் அவர் பையில் இருக்கும். நான் கூப்பிட்டால் பக்கத்தில் நின்றுகொண்டு அவளைப் பேச வைப்பார். கடைசியில் கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் சொட்டுகிறது என்று ஒரு பிளம்பர் வந்து பூட்டை உடைத்தார். உள்ளே ஒரு பெண் உட்கார்ந்து ஈரத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர்தான் தன் போனைக் கொடுத்து, யாரையாவது கூப்பிடுங்கம்மா என்றிருக்கிறார். என் நம்பர் அவளுக்கு மனப்பாடம். அந்தப் புருஷனைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் காகிதம் கிழியும்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஒன்பது வருடத்தில் நான் இரண்டு முறை, சொல்லாமல் கொள்ளாமல், அவளைப் பார்க்கப் போயிருக்கிறேன். ஒரு பகல் ரயில் தூரம், மூன்றாம் மாடி. இரண்டு முறையும் கதவில் பூட்டு தொங்கியது. எங்கேயோ வெளியே போயிருக்கிறார்கள் என்று திரும்பிவிட்டேன். நான் வேலை பார்க்கும் இடத்தில் வெளியே பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். தினமும் அதைத்தான் பார்க்கிறேன். அக்கா வீட்டுப் பூட்டைப் பார்த்து மட்டும் ஆள் இல்லை என்று நினைத்தேன். தட்டக்கூட இல்லை. இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் நிஜம்.

கல்யாணத்துக்கு முன்னால் அக்கா பல் கட்டும் லேபில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். மெழுகில் அவள் ஒரு கடைவாய்ப்பல்லைச் செதுக்கினால் அதில் பள்ளம் மேடு எல்லாம் அப்படியே இருக்கும். அந்த லேபை நடத்துகிற அம்மா இப்போது பெரிய கட்டடத்தில் எட்டாவது மாடிக்குப் போய்விட்டார். அக்கா வந்திருப்பது தெரிந்ததும் ஆள் அனுப்பினார். அக்காவுக்கும் உயிர் வந்த மாதிரி இருந்தது. பழைய மெழுகுக் கத்தியை எடுத்துத் தீட்டினாள். ஆனால் எட்டாவது மாடிக்கு லிஃப்டில் போக வேண்டும். படிக்கட்டு இருக்கிறது, அது இன்னும் மோசம்: உள்ளே போனதும் இரும்புக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், மாடியில் யாராவது திறந்துவிட்டால்தான் வெளியே வர முடியும். இரண்டு முறை லிஃப்ட் வாசல் வரை போய், கதவு மூட ஆரம்பித்ததும் வெளியே பாய்ந்து வந்துவிட்டாள். லேப் அம்மா நல்லவர். ஆனாலும் எத்தனை நாள்தான் பொறுப்பார். வருகிற திங்கட்கிழமை வரை பார்க்கிறேன், அதற்கு மேல் வேறு ஆளை வைத்தாக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அக்கா அதைக் கேட்டுவிட்டுக் கத்தியைத் துணியில் சுற்றி வைத்தாள். கத்தியை அப்படி வைத்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

இதற்கு ஒரு வாரம் முன்னால்தான் சுங்கான் கொடி பூக்க ஆரம்பித்திருந்தது.

அதை நான் வாங்கப் போனபோது நர்சரிக்காரர் வியாபாரமில்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். புகைக்கிற சுங்கான் மாதிரி வளைந்த பூ வரும் என்று சொன்னார்.

"இது ஈயப் பிடிச்சு ஒரு நாள் உள்ள வெச்சுக்கும்மா. மறுநாள் அதுவே விட்டுடும்."

"தின்னுடாதா?"

"சேச்சே. சோறு போட்டு அனுப்பும். உங்க ஆபீஸ் மாதிரின்னு வெச்சுக்குங்களேன்."

"எங்க ஆபீஸ்ல மறுநாள் விடமாட்டோம்" என்றேன்.

அதன் காய் தொங்குகிற கூடை மாதிரி பிரியும் என்றும், இந்த ஊரில் யார் வீட்டிலும் இதுவரை காய்த்ததில்லை என்றும், காய்த்தால் தனக்கு இரண்டு விதை வேண்டும் என்றும் சொன்னார். அவ்வளவுதான், எனக்குப் பிடிவாதம் ஏறிவிட்டது.

ஒரு வருடம் கழித்துப் பூத்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு இதழ். வெள்ளையில் கருஞ்சிவப்பு மையைக் கொட்டி ஊதிவிட்ட மாதிரி கோடும் புள்ளியும். நடுவில் இருட்டாக ஒரு வாய். வாய்க்குப் பின்னால் ஒரு குழாய் வளைந்து மேலே ஏறி, முடிவில் நெல்லிக்காய் அளவில் வெளிர்பச்சை வயிறு. கிட்டப் போனால் காயாத துணி வாசனை. இதை அழகு என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சொன்ன பிறகு வேறு எதையும் அழகு என்று சொல்லத் தோன்றவில்லை.

தினமும் இரண்டு மூன்று பூக்கும். தினமும் மாலையில் நான் வந்து பார்த்தால் ஒவ்வொரு பூவின் வயிற்றிலும் ஒரு கீறல் இருக்கும். எலி என்று நினைத்தேன். நத்தை என்று நினைத்துச் சாம்பல் தூவினேன். ஒரு பாவமும் அறியாத பக்கத்து வீட்டுப் பூனையை இரண்டு நாள் திட்டினேன். ஒரு பூவும் காய் பிடிக்கவில்லை, காம்போடு மஞ்சளாகி விழுந்தன. பத்து நாள் கழித்துத்தான் கோபத்தை ஒதுக்கிவிட்டுக் கீறலை ஒழுங்காகப் பார்த்தேன். சிறையில் சோதனை போடும்போது எது பல்லால் கிழித்தது, எது பிளேடால் கிழித்தது என்று பார்த்ததும் தெரியும். இது கோடு போட்ட மாதிரி நேராக, வயிற்றின் நடு மத்தியில், உள்ளே இருப்பதற்கு அடி படாமல் போட்ட கீறல். அப்படி ஒரு கோடு போடும் கை எங்கள் வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்தேன். அக்கா ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டிருந்தாள். பூவைப் பறிக்காமல் இடது உள்ளங்கையில் ஏந்தி, மெழுகுக் கத்தியால் வயிற்றைக் கீறி, விரலால் மெதுவாகத் தட்டினாள். கொசுவைவிடச் சின்ன ஈக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து கம்பி நீட்டின.

"அக்கா."

அவள் திரும்பவில்லை. "இருடி. இன்னும் ஒண்ணு உள்ள இருக்கு."

நான் கத்திவிட்டேன். "அது உனக்கு என்ன பண்ணிச்சு? ஒரு வருஷமா தண்ணி ஊத்தி எரு போட்டு வளத்துருக்கேன். ஒரு காயாவது பிடிக்குமான்னு கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுப் பாக்கறேன். நீ ஒவ்வொண்ணா வயித்தக் கிழிக்கிற."

"உள்ள சத்தம் கேக்குது" என்றாள்.

"ஈ தானே."

"கேட்டுப் பாரு."

கீறாத ஒரு பூவை என் பக்கம் திருப்பினாள். காதை வைத்தேன். கேட்டது. மூடிய அறைக்குள் யாரோ தாழ்ந்த குரலில் விடாமல் பேசுகிற மாதிரி ஒரு ரீங்காரம். உள்ளே எத்தனை இருக்கும் என்றுதான் என் புத்தி முதலில் போயிற்று. அதுதான் என் தொழில்.

"வெளிய நின்னு பாத்தா உள்ள யாரும் இல்லாத மாதிரிதான் இருக்கு" என்றாள் அக்கா. கொஞ்சம் நிறுத்தி, "நீ ரெண்டு தடவ வந்த" என்றாள்.

என் முகத்தில் ஈயாடவில்லை.

"உன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா? எடது கால இழுத்து வெப்ப. நீ கீழ் மாடியில ஏறும்போதே கேட்டுச்சு. கதவுகிட்ட வந்து நின்ன. அப்புறம் போயிட்ட."

"ஏன்க்கா கூப்பிடல?"

"வெக்கமா இருந்துச்சு. தங்கச்சி யூனிஃபார்ம் போட்டவ. அக்கா உள்ள பூட்டிக் கெடக்கறா. ரெண்டாவது தடவ கூப்பிட்டுடலாம்னு வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீ படி எறங்கிட்ட."

நான் அழுதேன். இருபத்திரண்டு வருடத்தில் என் முன்னால் எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள், அப்படி அழக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். நான் அதைவிட மோசமாக அழுதேன். அக்கா ஸ்டூலில் நின்றபடியே என் தலையில் கை வைத்தாள். கத்தியும் அந்தக் கையில்தான் இருந்தது.

பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, நர்சரிக்காரர் சொன்னதைச் சொன்னேன். மறுநாள் பூ தானாகவே விட்டுவிடும் என்றேன்.

"சாயங்காலம் வந்து தொறந்துடுவேன்னு அவரும்தான் சொல்வாரு" என்றாள்.

அன்று காலை பூத்த ஒன்றைப் பறித்துச் சமையல் மேஜையில் வைத்தேன். "நீயே தொறந்து பாரு. ஆனா வயித்த மட்டும் இல்ல, முழுசா." அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வாயிலிருந்து வயிறு வரை, வளைவோடு வளைவாகக் கத்தி போயிற்று. வெள்ளரிக்காயைப் பிளந்த மாதிரி பூ இரண்டாகத் திறந்தது.

நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். குழாய் முழுக்க மெல்லிய முடிகள், ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தன. கத்தி முனையால் உள்ளே தள்ளினால் வழிவிட்டன, வெளியே இழுத்தால் தடுத்தன. வயிற்றின் சுவர் கருஞ்சிவப்பு. ஆனால் கடைக்கோடியில் ஒரு வட்டம் மட்டும் கண்ணாடி மாதிரி மெலிந்து வெளிச்சத்தை உள்ளே விட்டது. ஜன்னல். வழி அந்தப் பக்கம் என்று ஈ அங்கே போகும், நடுவில் இருக்கும் சின்னத் தூணை மிதித்துக்கொண்டு சுற்றும். சுவரில் பனித்துளி மாதிரி தேன் வேறு. நான் எத்தனையோ சிறைகளைப் பார்த்திருக்கிறேன். பெரிய பெரிய எஞ்சினியர்கள் கட்டியது. இப்படி யோசித்து ஒருவரும் கட்டவில்லை.

"கட்டினவனுக்குக் கை சுத்தம்" என்றாள் அக்கா. அவள் வாயால் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அந்த நேரம் பார்த்து நான் கேட்டேன். ஒரே ஒரு பூவை விடு. ஒரு நாள். அவள் பூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சரி என்றாள், நிபந்தனையோடு. பூவை அவள்தான் தேர்ந்தெடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் அது விடவில்லை என்றால் கத்தி. அதற்கு மேல் நான் வாயைத் திறக்கக் கூடாது.

சனிக்கிழமை காலை பூத்ததில் ஒன்றுக்கு அவள் சிவப்பு நூல் கட்டினாள். மற்றவற்றில் கை வைக்கவில்லை, ஆனால் அவற்றின் பக்கம் பார்க்கவும் இல்லை. அன்று முழுவதும் ஸ்டூலில் உட்கார்ந்து நூல் கட்டிய பூவுக்குள் போகிறவற்றை எண்ணினாள். நான் லீவு போட்டிருந்தேன். ஒரு ஈ வாசலில் நிற்கும், கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருக்கும், பிறகு உள்ளே நடந்துவிடும். மாலைக்குள் ஐந்து.

"அஞ்சு" என்றாள் என்னிடம், நான் பாரா மாற்றும்போது அடுத்த வார்டரிடம் எண்ணிக்கை சொல்கிற அதே தோரணையில்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கே இரண்டு ஸ்டூல் போட்டுக்கொண்டோம். கத்தி அக்கா மடியில். ஏழு மணிக்கு ஒன்றுமில்லை. எட்டு மணிக்கு ஒன்றுமில்லை. காதை வைத்துக் கேட்டாள். "இருக்குதுங்க" என்றாள். எட்டரைக்கு நான் நர்சரிக்காரரை மனசுக்குள் திட்ட ஆரம்பித்தேன். இந்தப் பூ மட்டும் ஏமாற்றினால், அக்கா இனிமேல் எதன் முன்னாலும் நிற்க மாட்டாள். நாளைக்கு லிஃப்ட் வாசலுக்குக்கூட வர மாட்டாள். ஒரு கொடியை நம்பி அவளை இங்கே உட்கார வைத்துவிட்டேனே.

ஒன்பதேகாலுக்கு அந்த வாயில் ஏதோ அசைந்தது. ஒரு ஈ வெளியே வந்தது. பறந்து வரவில்லை, நடந்து வந்தது. வாசலில் நின்று காலைத் தேய்த்துக்கொண்டது. அதன் முதுகு முழுக்க மஞ்சள்.

"பூசி விட்டிருக்கு" என்றாள் அக்கா, மூச்சை விடாமல்.

இரண்டு. மூன்று. எல்லாவற்றின் முதுகிலும் மஞ்சள். வெள்ளிக்கிழமை பிளந்த பூவின் தூணில் மகரந்தம் இல்லை, நாங்களே மேஜையில் பார்த்தோம். அது பழுக்க ஒரு நாள் வேண்டும். அந்த ஒரு நாளுக்காகத்தான் வைத்துக்கொண்டு, சோறு போட்டு, பழுத்ததும் முதுகில் பூசி, முடிகளைத் தளர்த்தி வெளியே விடுகிறது. அக்கா அவசரப்பட்டு விடுதலை செய்தவையெல்லாம் வெறும் முதுகோடு போயிருக்கின்றன. அதனால்தான் ஒரு காயும் இல்லை. ஒரு செடிக்கு, கையில்லை, கண்ணில்லை, மணி பார்க்கத் தெரியாது, அதற்கு எப்போது பூட்டுவது எப்போது திறப்பது என்று இவ்வளவு சரியாகத் தெரிந்திருக்கிறது.

நாலாவது வந்தபோது மணி பத்துக்கு ஐந்து நிமிடம். பிறகு ஒன்றும் வரவில்லை. பத்து அடித்தது. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் எனக்கு மூச்சு முட்டும், வேலையில் வந்த வியாதி. நான் பூவைப் பார்க்காமல் கத்தியைப் பார்த்தேன். அக்கா கத்தியை எடுக்கவில்லை. பத்து பத்து. பத்தேகால். அவள் கை மடியிலேயே இருந்தது.

"மணி ஆயிடுச்சுக்கா" என்றேன், கேட்காமல் இருக்க முடியாமல்.

"தெரியும். சும்மா இரு. அது வரும்."

பத்து நாற்பதுக்கு ஐந்தாவது வந்தது. மற்ற நாலையும்விட அதிகமாக மஞ்சளை அப்பிக்கொண்டு, கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் சாப்பிட்டு எழுந்த ஆள் மாதிரி நிதானமாக வந்தது. எழும்பிப் பறந்தது. இரண்டடி தள்ளி அன்று காலை பூத்திருந்த புதுப் பூவின் வாசலில் இறங்கி, நேராக உள்ளே போய்விட்டது.

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "அறிவிருக்கா இதுக்கு? இப்பதானே வெளிய வந்துச்சு."

"எங்க ஆபீஸ்லயும் இப்படிச் சில பேர் உண்டு."

அவள் சிரிப்பை நிறுத்தி அந்தப் பூவையே பார்த்தாள். "இல்லடி. விட்டுடும்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

அந்த இரண்டாவது பூதான் பிறகு காய்த்தது. காய் காய்ந்து ஆறு நரம்பில் தொங்கும் கூடையாகப் பிரிந்தபோது நர்சரிக்காரருக்கு இருபது விதை கொடுத்தேன். நூல் கட்டிய பூவை அக்கா அன்றே பறித்துப் பிளந்தாள். குழாயில் இருந்த முடிகள் எல்லாம் கருகி, எச்சில் தொட்ட நூல் மாதிரி சுவரோடு ஒட்டிக் கிடந்தன. அவள் கத்தி முனையால் ஒன்றை நிமிர்த்திப் பார்த்தாள், அது நிற்கவில்லை.

"இனிமே இது நெனச்சாலும் மூட முடியாது" என்றாள். அதைப் பல தடவை சொன்னாள்.

திங்கட்கிழமை காலை கத்தியைத் துணியோடு கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். நானும் போனேன். பளபளப்பான தரை, காவலாளியின் மேஜை, அதில் கையெழுத்துப் புத்தகம். லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே ஒருவரும் இல்லை.

"நானும் கூட வரேன்."

"வேணாம். நீ இங்கயே நில்லு." உள்ளே போனாள். என் பக்கம் திரும்பி நின்றாள். முகம் வெளிறியிருந்தது. "போயிடாத" என்றாள்.

கதவு மூடியது. பெண்களின் முகத்துக்கு முன்னால் கதவு மூடுவதை நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். மூடுகிற கை என்னுடையதாக இருக்கும். இந்த ஒரு கதவின் முன்னால் என் கை சும்மா தொங்கியது.

கதவுக்கு மேலே எண் காட்டும் விளக்கு நகரவில்லை. உள்ளே சத்தமும் இல்லை. நான் காவலாளியைப் பார்த்தேன், அவர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். கதவைத் தட்டலாமா என்று தோன்றியது. பட்டனை அமுக்கித் திறந்துவிடலாமா என்று தோன்றியது. மேஜை வரை ஓடலாமா என்று தோன்றியது. நில்லு என்று சொல்லியிருந்தாள், நின்றேன். கால் விரலைக்கூட அசைக்கவில்லை. அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. பிறகு விளக்கு ஒன்றுக்குப் போனது. இரண்டு, மூன்று. மூன்றில் நின்றது, என் உயிரும் நின்றது. யாரோ ஏறியிருக்க வேண்டும். நாலு, ஐந்து, ஆறு, ஏழு. எட்டு. எட்டில் வெகுநேரம் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பூவைப் பார்த்த மாதிரிதான் அந்த எண்ணையும் பார்த்தேன்.

முதல் நாள் அரை நாள்தான் வேலை. காவலாளி இரண்டு முறை நாற்காலி காட்டினார். "உக்காருங்கம்மா, அவங்க வர நேரமாகும்." "பரவால்ல, நிக்கறேன்" என்றேன். லிஃப்ட் பலமுறை இறங்கியது, கூரியர் ஆள், பல்வலியோடு வந்த ஒருத்தர், கோப்பு சுமந்த இரண்டு பெண்கள். ஒவ்வொரு முறையும் எண்ணினேன். ஒன்றேகாலுக்குக் கதவு திறந்தபோது நாலு பேரில் ஒருத்தி அக்கா. முழங்கை வரை வெள்ளைப் பிளாஸ்டர் மாவு, மூக்கு நுனியில் கொஞ்சம். வெளியே வந்ததும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் என் காலைத்தான் பார்த்தாள்.

"அங்கயே நிக்கற" என்றாள்.

"போகாதன்னு சொன்னியே. கதவு மூடினதும் ரொம்ப நேரம் லிஃப்ட் நகரவே இல்லையே, என்னக்கா ஆச்சு? எனக்கு உயிரே போயிடுச்சு."

"பட்டன அமுக்கல."

"ஏன்?"

அக்கா கையில் இருந்த மாவைத் தட்டிவிட்டாள். "நீ போற செருப்புச் சத்தம் கேக்குதான்னு காத வெச்சுட்டு நின்னேன். கேக்கல. அப்புறம்தான் அமுக்கினேன்."

அன்று வீடு வரை நடந்தே போனோம். அவளுக்குக் கேட்கட்டும் என்று இடது காலை வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாகவே இழுத்து வைத்தேன்.